நெல் மில்லில் புகைந்த கப்பல் இஞ்சின்

இஞ்சின் அறைக்குப் புதிதாக இறங்கப்போகிறவர்கள் என்னைப் பார்க்க வந்தால் பெரும்பாலும் கடல் கதைகளைத்தான் கேட்கிறார்கள். புயல், தீ, நடுக்கடலில் நின்றுபோன இஞ்சின். எல்லாம் என்னிடம் இருக்கின்றன. இருபத்தாறு ஆண்டுகளுக்கு இருபத்தாறு நாட்குறிப்புகள், ஆண்டு வரிசையில் அலமாரியில் நிற்கின்றன. ஆனால் சக்தி குறைந்து புகை கக்கும் பழைய டீசல் இஞ்சினை எப்படி அணுகுவது என்று யாராவது கேட்டால் நான் எடுப்பது இருபத்தேழாவது நோட்டை. அது நான் கப்பலை விட்டு வந்த பிறகு எழுதியது. இடம், கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு நெல் மில். அங்கிருந்து கடலைப் பார்க்க பஸ்ஸில் மூன்று மணி நேரம் போக வேண்டும்.

இஞ்சின் கப்பல் இஞ்சின்தான், அதில் சந்தேகம் வேண்டாம். மேற்குக் கடற்கரையில் உடைக்கப்பட்ட ஒரு சரக்குக் கப்பலில் விளக்குக்கும் பம்புக்கும் மின்சாரம் தந்துகொண்டிருந்த ஆறு சிலிண்டர் இஞ்சின். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வழியாக லாரியில் வந்து சேர்ந்திருக்கிறது. வயதில் என்னைவிட நான்கு ஆண்டு இளையது. கப்பலின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு இன்னும் அதில் இருக்கிறது. சந்தனமும் குங்குமமும் ஏறி ஏறி, பெயரை வாசிக்க முடியாது.

மில் முதலாளி ஃபோன் செய்தபோது மணி ஒன்பது பத்து. ரமணாசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் என் வீடு. மாடியில் குடியிருந்த வெளிநாட்டுக்காரர் அந்த வாரம் மௌனத்தில் இருந்ததால், ஃபோனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்ப் பேசினேன்.

"சார், நீங்க கப்பல்ல சீஃப் இஞ்சினியரா இருந்தவருனு சொன்னாங்க. நம்மகிட்ட ஒரு கப்பல் இஞ்சின் இருக்குதுங்க. கரும்புகையா கக்குது. இழுக்க மாட்டேங்குது."

"எந்தத் துறைமுகத்துல?"

"கீழ்பென்னாத்தூர்லங்க."

நிலைமை இதுதான். மில்லின் டிரான்ஸ்பார்மர் இரண்டு நாள் முன்பு எரிந்துவிட்டது. புதிது வர இன்னும் பத்து நாள் ஆகும். அதுவரை மில் முழுவதையும் இந்த இஞ்சின்தான் இழுக்க வேண்டும். வழக்கமாகக் கரண்ட் போகும்போது அரை மணி, முக்கால் மணி நேரம் பாதி லோடில் ஓடிவிட்டு நிற்கும் இஞ்சின் அது. இப்போது முழு லோடு கொடுத்தால் இருபது நிமிடத்தில் விளக்குகள் மங்குகின்றன, மோட்டார்கள் முனகுகின்றன, புகைக்குழாய் கறுப்பாகக் கக்குகிறது. தொட்டிகளில் ஊர்க்காரர்களின் நெல் ஊறிக்கொண்டிருக்கிறது. ஊறிய நெல்லை உரிய நேரத்தில் அவித்துக் காயவைக்காவிட்டால் புளித்துவிடும்.

பத்து நாற்பதுக்கு மில்லில் இருந்தேன். இஞ்சினுக்குப் பொறுப்பு ஏழுமலை. ஐம்பது வயதைத் தொட்டவர், ஒல்லியானவர், காது கொஞ்சம் மந்தம். இஞ்சினுக்குப் பக்கத்தில் பல வருடம் நிற்பவர்களுக்குக் காது அப்படித்தான் ஆகும். இஞ்சின் வந்து இறங்கிய நாளிலிருந்து அதை ஓட்டுபவர் அவர்தான். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. பித்தளைக் குழாய்கள் பளபளத்தன. நான் பார்த்த சில கப்பல்களில் இவ்வளவு சுத்தம் கிடையாது.

வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டேன்.

"சமீபத்துல இஞ்சின்ல என்ன மாத்தினீங்க?"

"இஞ்சின்ல ஒன்னும் மாத்தலீங்க சார்," என்றார் ஏழுமலை.

முதலாளியும் அதையே சொன்னார். இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். அதை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

இஞ்சினை ஓட்டச் சொன்னேன். முதலாளி, கணக்குப்பிள்ளை, மூட்டை தூக்கும் மூன்று பேர் என எல்லோரும் கதவருகே நின்று வேடிக்கை பார்த்தார்கள். அரை மணி நேரம் முழு லோடு. புகையும் இல்லை, முனகலும் இல்லை. மனிதர்கள் டாக்டரிடம் போனதும் வலி நின்றுவிடுவதுபோல இருந்தது.

"சார் கால் வெச்சதும் அடங்கிடிச்சி பாத்தியா," என்றார் முதலாளி. "கைராசின்னா இதுதான்."

டீ குடிக்கப் போனோம். ஏழுமலை இரும்புக் கதவைச் சாத்திவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனார். உமித் தூசி உள்ளே போய்விடக்கூடாது என்பதில் அவர் கறாரானவர். இரண்டாவது டீ வருவதற்குள் புகைக்குழாய் கறுத்துவிட்டது.

ஓடினேன். கதவு இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து உள்ளே போய், ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளியேறும் புகையின் சூட்டை முறையாக ஒன்றிலிருந்து ஆறு வரை எழுதினேன். ஒன்று மிக அதிகம், இரண்டு அதிகம், மூன்று கொஞ்சம் அதிகம், மற்ற மூன்றும் சரி. படிக்கும் காலத்திலிருந்து இப்படிப்பட்ட கணக்குகளுக்கு விடை எழுதியிருக்கிறேன். முதல் இரண்டு சிலிண்டர்களில் டீசலைப் பீய்ச்சும் நாசில்கள் கெட்டுவிட்டன. ஐயமில்லை.

வெளியே வந்தபோது ஐந்து பேரும் நின்றிருந்தார்கள்.

"இன்னா சார் கோளாறு?" என்றார் முதலாளி.

"நாசில் போயிருக்கு. முதல் ரெண்டு."

"நாசில் எதுனால சார் போவும்?"

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது, கழற்றிப் பார்த்தால்தான் தெரியும் என்பது. ஆனால் இருபத்தாறு வருட சர்வீஸ் உள்ள ஒருவரை ஐந்து பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்த வாக்கியம் வாயில் வருவதில்லை.

"பல காரணம் இருக்கு. டீசல் சரியில்லாம இருக்கலாம்."

"மண்ணெண்ண கலந்திருந்தா?"

"இருக்கலாம்."

மண்ணெண்ணெய் கலந்தால் சக்தி குறையும். இப்படிக் கரும்புகை வராது. இது எனக்குத் தெரியும். உங்களுக்கும் பரீட்சைக்கு வரும். அந்த நிமிடத்தில் நான் அதைச் சொல்லவில்லை.

டீசல் பேரல்களின் அறைச்சாவி ஏழுமலையிடம் மட்டும்தான் இருந்தது. எனக்கு அது தெரியாது; அங்கிருந்த மற்ற எல்லோருக்கும் தெரியும். முதலாளி கையை நீட்டினார்.

"யோவ் ஏழுமல. சாவியக் குடு."

"மொதலாளி, நானா?"

"நீனு நான் சொல்லல. சார் சொல்றாரு டீசல்ல கோளாறுன்னு. டெஸ்ட்டு பண்ணி வரட்டும். அது வரைக்கும் வூட்ல இரு. கலப்படம்னு வந்திச்சின்னா இந்தப் பக்கமே வராத."

ஏழுமலை என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க டீசல மோந்து பாத்தீங்களா?"

நான் முகர்ந்து பார்க்கவில்லை. "டெஸ்ட் பண்ணிடலாம்," என்றேன். யாருக்கும் எந்தப் பதிலும் இல்லாத இடத்தில் சொல்லப்படும் சொல் அது. அவர் சாவியைக் கொடுத்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். மணி ஒன்று ஐந்து. நாட்குறிப்பில் அதுவும் இருக்கிறது: 'ஓட்டுநர் விடுவிக்கப்பட்டார். டீசல் மாதிரி எடுக்கப்பட்டது.' இரண்டு வாக்கியமும் ஒரே வரியில்.

மறுநாள் காலை புதிய டீசல் வந்தது. திருவண்ணாமலையில் ஒரு ஒர்க் ஷாப்பில் நாசில்களைப் பரிசோதித்தோம். இரண்டும் நன்றாக இருந்தன. ஏழுமலை நன்றாக வைத்திருந்தார் என்று எழுதுவதற்குப் பதிலாக 'திருப்திகரம்' என்று எழுதினேன். போதாததற்குப் புதிய நாசில்களையே மாட்டினேன். ஏழுமலை இல்லாததால் இஞ்சினையும் நானே ஓட்டினேன்.

முதலாளி ஒரு ஏற்பாடு செய்திருந்தார். என் கைராசியை வீணாக்க அவருக்கு மனமில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசற்படியில் போட்டு, "நீங்க சும்மா இங்க உக்காருங்க சார், அது போதும்," என்றார். உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் மில் குறையில்லாமல் ஓடியது. ஒரு தொட்டி நெல் அவிந்து முடிந்தது. நான் சாப்பிடப் போனேன். தூசிக்குப் பயந்து யாரோ நாற்காலியை எடுத்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினார்கள். சாம்பாரிலிருந்து ரசத்துக்கு வருவதற்குள் புகை.

"பாத்தீங்களா," என்றார் முதலாளி. "டீசல் மாத்தியும் போவல. அவன் ஊத்தின டீசலு இஞ்சினையே கெடுத்து வெச்சிருக்குது."

இதைக் கவனியுங்கள். டீசலை மாற்றிச் சரியாகியிருந்தால் ஏழுமலை திருடன். சரியாகாததால் இன்னும் பெரிய திருடன். நான் போட்ட ஒரு வார்த்தை நான் தேவைப்படாமலே தானாக ஓட ஆரம்பித்திருந்தது. அதை நிறுத்தும் வால்வு என்னிடம் மட்டும்தான் இருந்தது. அப்போதும் நான் அதைத் தொடவில்லை. முதலில் இஞ்சின், பிறகு மனிதர் என்று நினைத்தேன். இந்த வரிசை நாம் தினமும் செய்யும் தவறு.

கதவை இழுத்துத் திறந்து மீண்டும் அளவு எடுத்தேன். இந்த முறை தரையில் கழற்றிப் போட்ட சாமான்கள் வழியை மறித்ததால் ஆறாவது சிலிண்டரிலிருந்து தொடங்கினேன். ஆறு மிக அதிகம், ஐந்து அதிகம், நான்கு கொஞ்சம் அதிகம். ஒன்றும் இரண்டும் சரி.

நேற்றைய பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். கோளாறு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து போயிருந்தது. சிலிண்டர்கள் அப்படிச் செய்வதில்லை. நான் எந்தப் பக்கம் முதலில் போகிறேனோ அந்தப் பக்கம் கெட்டிருக்கிறது என்றால், கெட்டது இஞ்சினா நானா என்று கேட்க வேண்டிய கட்டம் அது.

எனக்கு வெளியே ஒரு ஜோடிக் கண் தேவைப்பட்டது. உள்ளே இருந்தால் புகை தெரியாது, வெளியே இருந்தால் அளவு தெரியாது. களத்தில் பச்சையம்மாள் நெல் தள்ளிக்கொண்டிருந்தார். மில்லில் கூட்டிப் பெருக்குவது, நெல் காயவைப்பது, டீ வாங்கி வருவது எல்லாம் அவர்தான். அறுபது வயது இருக்கும்.

"ஒரு உதவி செய்யுங்கம்மா. நான் உள்ள கதவ சாத்திக்கறேன். நீங்க புகையப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"பாக்கறதுக்கு இன்னா இருக்குது. நேத்துலருந்து அதத்தான பாத்துனு இருக்கோம்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சூடு ஏறியது. வளைகுடாவில் ஆடி மாத வெயிலில் இஞ்சின் அறைக்குள் வேலை செய்தவன் நான். அறை சூடாக இருப்பதை ஒரு குறையாக நான் எழுதியதே கிடையாது. இருபது நிமிடம் கழித்துக் கதவு அசைந்தது, திறக்கவில்லை. மறுபடி அசைந்தது. நான் உள்ளேயிருந்து தள்ளி, அவர் வெளியேயிருந்து இழுத்து, ஒரு வழியாகத் திறந்தோம்.

"எண்ணெய் போட்டும் இப்படி இருக்கே," என்றேன். காலையிலேயே கீல்களுக்கு எண்ணெய் விட்டிருந்தேன். விட்ட பிறகு திறந்து பார்த்தபோது சுலபமாக வந்தது. அப்போது இஞ்சின் ஓடவில்லை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

பச்சையம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"கதவு இன்னா தோசக்கல்லா, எண்ண தடவினே இருக்கீங்க? அந்த சன்னல அடச்சதுலருந்து இது இப்படித்தான். உள்ளருந்து யாரோ புட்ச்சி இழுக்கறாப்ல. இஞ்சின் ஓடசொல்லோதான் இழுக்கும். ஏழுமல தெனம் இதோட மல்லுக்கட்டுவாரு."

"எந்த சன்னல்?"

"தோ, அந்த சாமி படத்துக்குப் பின்னால."

தென்மேற்கு மூலையில் முருகன் படம் மாட்டி மாலை போட்டிருந்தது. படத்தைத் தூக்கிப் பார்த்தேன். சுண்ணாம்புக்குக் கீழே புதிய செங்கல் கட்டின் கோடு தெரிந்தது. நான்கடிக்கு நான்கடி. இஞ்சினுக்குக் காற்றை இழுத்துக்கொடுக்கும் டர்போவுக்கு நேர் எதிரே.

"இத ஏன் யாரும் சொல்லல?"

"நீங்க இஞ்சின்ல இன்னா மாத்தினீங்கன்னு தான கேட்டீங்க? இது செவுரு."

படத்தைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

கரும்புகை என்றால் டீசல் ஜாஸ்தி அல்லது காற்று கம்மி. இதை நீங்கள் முதல் வருடம் படித்திருப்பீர்கள். நான் டீசல் பக்கம் மட்டும் இரண்டு நாள் நடந்தேன். கப்பலில் காற்று என்பது கேட்காமலே வருவது. மேல்தளத்து மின்விசிறிகள் இரவு பகலாக உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். இங்கே அறைக்கு இருந்த ஒரே மூக்கை அடைத்துவிட்டார்கள். கதவை உள்ளேயிருந்து பிடித்து இழுத்ததும் காற்றுக்குத் தவித்த இஞ்சின்தான். கதவைச் சாத்தினால் இஞ்சின் தான் விட்ட சூட்டையே திரும்பக் குடிக்கிறது. பழைய மூட்டுகளில் கசியும் புகையையும் சேர்த்துக் குடிக்கிறது. கதவைத் திறந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் தேறிவிடுகிறது. நான் கதவைத் திறந்து உள்ளே போய் முதல் சிலிண்டரை அளந்தபோது அது இன்னும் மூச்சுத்திணறலில் இருந்தது. ஆறாவதை அளந்தபோது குணமாகிவிட்டது. என் கைராசி அந்தக் கதவு. அடைத்த பிறகு ஐந்து மாதமாக இஞ்சின் பாதி லோடில் கொஞ்ச நேரம்தான் ஓடியது. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

இதைவிடச் சங்கடமான ஒன்றும் உண்டு. பல வருடம் முன்பு, மழைக்காலத்தில், மேல்தளத்துக் காற்றுத் திறப்புகளை மூடியதால் புகைந்த ஒரு கப்பலில் நான் மூன்றாம் பொறியாளராக இருந்திருக்கிறேன். பெயர் சொல்ல விரும்பாத எங்கள் சீஃப், ஒரு ஸ்பேனரையும் தொடாமல், மேலே போய்த் திறப்பைத் திறந்துவிட்டுத் தூங்கப்போனார். அந்த வருட நோட்டில் அது ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. நிலத்தில் அதே நோய் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அலை இல்லை, உமி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலாளியை அழைத்துவந்து கதவை மூன்று முறை சாத்தித் திறந்து காட்டினேன். மூன்று முறையும் புகை சொன்ன பேச்சைக் கேட்டது. அவருக்குப் புரிந்தது. ஆனால் முகம் தெளியவில்லை.

"சார், அது கன்னி மூல. அங்க தெறப்பு இருக்கக்கூடாதுன்னு வாஸ்துக்காரரு சொன்னாரு. அடச்ச பதினஞ்சாம் நாளு என் பொண்ணுக்கு வரன் அமஞ்சிது. அத நான் இடிக்க மாட்டேன்."

"சுவரப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல ஏழுமலை."

"சாயந்தரமா போன் பண்ணி வரச்சொல்றேன்."

"வேணாம். டீசல்னு சொன்னது நான். நானே போறேன்."

எடுத்து வைத்திருந்த டீசல் மாதிரியை முகர்ந்து, அடர்த்தியும் அளந்து, மண்ணெண்ணெய் இல்லை என்று பார்த்துவிட்டு மில் வேனில் போனேன். நான்கு கிலோமீட்டர். ஏழுமலை வீட்டு வாசலில் மனைவியோடு நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. அவர் மனைவிதான் முதலில் பேசினார்.

"இன்னும் இன்னா டெஸ்ட்டு பண்ணணுமாம்? வூட்டுல மண்ணெண்ண விளக்கு கூட இல்ல, வந்து பாக்கச் சொல்லு."

நடந்ததை வரிசையாகச் சொன்னேன். ஜன்னல், கதவு, சூடு, என் அளவுகள். டீசலில் எந்தத் தவறும் இல்லை, நாசில்களில் எந்தத் தவறும் இல்லை, தவறு என்னுடையது என்றேன். ஏழுமலை கடலையைச் செடியிலிருந்து பிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அடச்சப்பவே மொதலாளிகிட்ட சொன்னேன் சார். உள்ள மூச்சு முட்டுதுனு. உனுக்கு முட்டுச்சின்னா மரத்தடியில உக்காருன்னாரு. எனுக்குச் சொல்லல, இஞ்சினுக்குச் சொன்னேன். அது அவருக்குப் புரியல. சரி, அவரு நெல்லு யாவாரி. நேத்து நீங்க வந்ததும் சொல்லியிருப்பேன். நீங்க ஒரு கேள்விதான் கேட்டீங்க. அப்புறம் ஃபுல்லா எழுதினே இருந்தீங்க."

"டீசல்னு நான் உறுதியா சொல்லல," என்றேன். இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"இருக்கலாம்னுதான் சொன்னீங்க. எனுக்குக் காது மந்தம், ஆனா அது கேட்டுச்சி. மத்தவங்க யாரும் இருக்கலாம்ங்கறத வாங்கல சார். டீசலத்தான் வாங்கினாங்க. நான் பஸ்ஸ வுட்டு எறங்கறதுக்குள்ள டீசல் திருடன் எறங்கிட்டான்."

அவர் மனைவி ஒரு கை கடலையை முறத்தில் எறிந்தார்.

"நாளைக்கு வாங்க," என்றேன்.

"எத்தினி பேரு எதிர்ல சொன்னீங்க?"

"அஞ்சு பேர்."

"அதே அஞ்சி பேரு எதிர்ல சொல்லுங்க. வரேன்."

மறுநாள் காலை எட்டரைக்கு, களத்தில், அதே ஐந்து பேர் முன்னால் சொன்னேன். பச்சையம்மாளும் துடைப்பத்தோடு வந்து நின்றார். அவரை யாரும் அழைக்கவில்லை, ஆனால் இருக்க உரிமை உள்ள ஒரே ஆள் அவர்தான். "ஏழுமலை ஊத்தின டீசல் சுத்தமான டீசல். இஞ்சின நல்லா வெச்சிருக்காரு. நான் பாக்காமலே சொன்னேன். சொன்னது தப்பு." நான்கே வாக்கியம். கப்பலில் இதைவிட நீளமான அறிக்கைகளை வியர்க்காமல் எழுதியிருக்கிறேன்.

மூட்டை தூக்குபவர்களில் ஒருவர், "அப்ப கைராசி?" என்றார்.

ஏழுமலை இஞ்சினை ஓட்டி முழு லோடு கொடுத்தார். பிறகு முதலாளியைப் பார்த்து, "உள்ள வாங்க மொதலாளி," என்றார். "கொஞ்ச நேரம் நில்லுங்க. மூச்சு முட்டுதுன்னா யாருக்குனு தெரியும்." முதலாளி போனார். ஏழுமலையும் கூடவே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டாவது நிமிடம் உள்ளேயிருந்து கதவு தட்டப்பட்டது. வெளியே இரண்டு பேர் சேர்ந்து இழுத்தோம். முதலாளியின் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. களத்தின் நடுவில் போய் நின்று வானத்தைப் பார்த்தார். பிறகு வாஸ்துக்காரருக்கு ஃபோன் செய்தார்.

அந்தப் பேச்சு நான்கு நிமிடம் நடந்தது. முடிவு: கன்னி மூலையைத் தொடக்கூடாது, ஈசானிய மூலையில் எவ்வளவு வேண்டுமானாலும் திறக்கலாம், அது குடும்பத்துக்கு இன்னும் நல்லது. நான் வாதாடவில்லை. இஞ்சினுக்குக் காற்றுதான் தேவை, மூலை தேவையில்லை. வடகிழக்குச் சுவரில் பழைய ஜன்னலைவிடப் பெரிதாக ஒன்று திறந்து, தூசிக்குச் சல்லடைத் துணி கட்டி, அங்கிருந்து டர்போ வரைக்கும் தகரத்தில் ஒரு காற்றுக்குழாய் அடித்தோம். மாலை நான்கு மணிக்கு இஞ்சின் முழு லோடில் ஓடியது. கதவு சாத்தியிருந்தது. புகைக்குழாய்க்கு மேலே சூட்டின் நெளிவு மட்டும் தெரிந்தது.

இரண்டு நாளில் ஒரு தொட்டி நெல் புளித்துப்போயிருந்தது. அது மாட்டுத் தீவனத்துக்குப் போனது. அது யாருடைய நெல் என்று கேட்டு, அவர் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.

நீங்கள் நாளைக்கு ஒரு பழைய இஞ்சின் முன்னால் நிற்பீர்கள். புகை வரும், லோடு இறங்கும், கேப்டன் மேலேயிருந்து ஃபோன் செய்வார், பின்னால் ஐந்து பேர் நிற்பார்கள். அவர்களில் ஒருவர் அந்த இஞ்சினை உங்களுக்கு முன்பே பல காலம் ஓட்டியவராக இருப்பார். 'இஞ்சினில் என்ன மாற்றினீர்கள்' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வந்தும் எனக்கு இரண்டு நாள் போயிற்று. இந்த அறையில், இந்தக் கூரைக்குக் கீழே, நீங்கள் கடைசியாக நிம்மதியாக இருந்ததிலிருந்து என்ன மாறியது என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வையுங்கள். இஞ்சின் தவறான சிகிச்சையைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். போல்ட்டைத் திரும்ப முடுக்கிவிடலாம். ஒரு ஆளின் பெயரோடு ஒட்டிக்கொள்ளக்கூடிய காரணத்தை, அது ஊகமாக இருக்கும்வரை, வாய்க்குள்ளேயே வையுங்கள். 'இன்னும் தெரியவில்லை' என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கும். சின்ன பதவியில் இருக்கும்போதே பழகிக்கொண்டால் பின்னால் எளிது. எனக்குச் சீஃப் ஆன பிறகு வரவில்லை, ஓய்வு பெற்ற பிறகுதான் வந்தது.

ஏழுமலை இன்னும் அதே மில்லில் இருக்கிறார். டிரான்ஸ்பார்மர் வரும்வரை நான் தினமும் போனேன். வேலை பற்றி மட்டும் பேசினார். டீ வந்தால் என் டம்ளரைத் தனியாக நாற்காலியில் வைத்துவிட்டு, மரத்தடிக்குப் போய்த் தன்னுடையதைக் குடித்தார். நான் அதை மாற்ற முயலவில்லை.

இப்போது இஞ்சினில் ஏதாவது சத்தம் மாறினால் ஃபோன் செய்கிறார். முன்னுரை கிடையாது. ஃபோனை இஞ்சின் பக்கம் நீட்டிப் பிடிக்கிறார். அரை நிமிடம் கேட்கிறேன். இருபத்தாறு வருடப் பழக்கத்தில் எனக்கு உடனே ஏதோ தோன்றிவிடும்.

போன வாரமும் தோன்றியது.

"ஏழுமலை, அது..." என்று ஆரம்பித்தேன்.

"சார்," என்றார். "நேர்ல வாங்க. வந்து, பாத்து, அப்புறம் வாயத் தொறங்க."

எட்டு நாற்பது பஸ்ஸில் போனேன்.